திருவல்லிக்கேணி அமெரிக்கா

விசா கைக்கு வருவதற்கு முன்பே வழியனுப்பு விழா நடத்தியவர் திருவண்ணாமலையில் மில்காரர் பரசுராமன் ஒருவர்தான். வேட்டவலம் ரோட்டில் அவருக்கு அரிசி மில்லும் கடலை எண்ணெய் மில்லும் அடுத்தடுத்து இருந்தன. ஒரே மகன் சகாதேவன். அவன் அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போகிறான் என்று தேரடியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சுவரொட்டி ஒட்டினார்கள். ஸ்டுடியோக்காரருடைய கோட்டை மாட்டிக்கொண்டு எடுத்த படம். கோட்டு தோளில் நிற்காமல் தொங்கியதில், வேறு யாரோ ஒரு பெரிய ஆளுக்குள்ளிருந்து சகாதேவன் தலையை மட்டும் வெளியே நீட்டுவது போலிருந்தது. படத்துக்குக் கீழே, ‘அமெரிக்கா செல்லும் அண்ணாமலையின் அறிவுச்சுடரே, வென்று வருக’ என்று சிவப்பு எழுத்து.

அறிவுச்சுடர் தாவரவியல் பி.எஸ்ஸி.யை முடிப்பதற்குள் அவனோடு சேர்ந்தவர்கள் வேலைக்குப் போய்க் குழந்தையும் பெற்றுவிட்டிருந்தார்கள். இந்த விவரம் அவன் மனைவி உண்ணாமலைக்குக் கல்யாணம் ஆன பிறகுதான் தெரிந்தது.

அவள் கீழ்பென்னாத்தூர்க்காரி. ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியரின் மகள். வேலூரில் ஹாஸ்டலில் தங்கிக் கணிதத்தில் முதல் வகுப்பு வாங்கியவள். பி.எட். படித்துவிட்டு டீச்சராகலாம் என்று இருந்தவளைத் தேடி இந்த வரன் வந்தது. “மாப்பிள்ளை அமெரிக்கா போறாரு. அப்பாலே பொண்ணையும் கூட்டிக்கினு போயிடுவாரு” என்றார் தரகர். வாழ்நாள் முழுக்க ஒண்ணாங் கிளாசுக்கும் ரெண்டாங் கிளாசுக்கும் அ, ஆ சொல்லிக் கொடுத்த அப்பாவுக்கு அதைக் கேட்டு மூச்சே நின்றுவிட்டது. அவள் மட்டும் என்ன? பள்ளிக்கூட அலமாரியிலிருந்து அட்லஸை எடுத்துவரச் சொல்லி, அமெரிக்கா எங்கே இருக்கிறது என்று ஆசையாகத்தான் பார்த்தாள். பின்னால் அவள் யார் யாரையெல்லாம் இகழ்ந்தாளோ, அந்த வரிசையில் அட்லஸ் பார்த்த அந்தப் பெண்ணும் உண்டு.

கல்யாணத்துக்குப் பிறகு எழுதிப் போட்ட விண்ணப்பம் எல்லாம் அவள் கைவேலைதான். ஏதோ ஒரு மாநிலத்தின் நடுவில் இருந்த ஒரு சின்ன விவசாயக் கல்லூரி இடம் தருவதாக எழுதியிருந்தது. ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்கு அவள்தான் பதில் எழுதினாள். வேர்க்கடலையில் எண்ணெய்ச் சத்தைக் கூட்டுவது பற்றி, படிப்பு முடித்து வந்து இந்த வட்டாரத்து மானாவாரிக் காடுகளுக்கு என்ன செய்யலாம் என்பது பற்றி. சகாதேவன் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா கடலை, கடலைன்னு இத்தினி வாட்டி வரணுமா? பட்டிக்காட்டான்னு நெனச்சிக்குவானுங்க.”

விழாவுக்கு நாள் குறித்தபோது உண்ணாமலை மாமனாரிடம் சொல்லிப் பார்த்தாள். “விசா இன்னும் வரலீங்களே மாமா.”

“விசா இன்னாம்மா விசா. காயிதத்துல சீல் குத்தற வேலை. காலேஜ்காரனே வாடான்னுட்டான், நடுவுல இவன் யாரு வேணாங்கறதுக்கு? விசாவுக்குக் கூப்பிட்ட தேதி ஆடியில வருது. ஆடியில விழா வச்சா நல்லாவா இருக்கும்? ஆனியிலேயே முடிச்சிடுவோம்.”

ஆனியிலேயே முடித்தார்கள். கல்யாண மண்டபத்தில் மில் ஆட்கள் முழுப் பேரும் வரிசையில் நின்று மாலை போட்டார்கள். அன்றைக்கு மாலை போட்டவனுக்கு அரை நாள் லீவு, போடாதவனுக்கு மில்லில் வேலை. நகரசபை மெம்பர் ஒருவர் மைக்கைப் பிடித்து, “கொலம்பஸ் வழி தெரியாமல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். நம்முடைய சகாதேவனோ வழி தெரிந்தே போகிறார்” என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஜவுளிக்கடை குலாம் ரசூல் பாய் வந்து ஒரு சால்வை போர்த்திவிட்டு, வந்த சுவடு தெரியாமல் போய் இலையில் உட்கார்ந்துகொண்டார். மாமியார் பாஞ்சாலை அழுதுகொண்டே சிரித்தாள். மேடையில் கணவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த உண்ணாமலை, சகாதேவனின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தாள். ஒவ்வொரு பேச்சாளர் புகழும்போதும் அது உண்மைதான் என்பது போல மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

விழாவுக்கும் விசாவுக்கும் நடுவில் இருந்த நாட்களில் அவள் அவனைத் தயார் செய்தாள். சாயங்காலம் மாடி அறையில் அவள் அதிகாரி, அவன் மாணவன்.

“படிச்சி முடிச்சதும் இன்னா பண்ணுவீங்க?”

“ஐ வில் கம் பேக் அண்ட்… என்னது அது?”

“அப்பாவோட மில்லைப் பார்த்துக்குவேன். அதை மட்டும் மறந்துடாதீங்க. திரும்பி வருவேனான்றதுதான் அவங்க முக்கியமா பாக்கறது. அவங்க அனுப்பின காயிதத்துலயே போட்டிருக்குது.”

“சரி, சரி. ஒரு தபா சொன்னா போதும்.”

அந்த நாள் வந்தது. மாமனார், மகன், மருமகள் மூன்று பேரும் முந்தின நாளே பஸ் ஏறி மெட்ராஸ் போய்த் திருவல்லிக்கேணியில் ஒரு லாட்ஜில் தங்கினார்கள். காலையில் சகாதேவன் கான்சலேட்டுக்குள் போக, இவர்கள் இரண்டு பேரும் மவுண்ட் ரோட்டு நடைபாதையில் ஒரு மரத்தடியில் நின்றார்கள். பரசுராமன் வழியில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் “பையன் உள்ள இருக்கான்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் ஏறியபோது சகாதேவன் வெளியே வந்தான். டையை அவிழ்த்துக் கையில் சுருட்டி வைத்திருந்தான்.

“குடுக்கலை” என்றான்.

“இன்னாடா கேட்டான்?” என்றார் பரசுராமன்.

“எல்லாம் நல்லாத்தான் கேட்டான். படிச்சிட்டு எப்போ திரும்புவேன்னான். உங்க நாடு எனக்கு ரொம்பப் புடிச்சிருக்குது, திரும்பவே மாட்டேன், அங்கியே இருந்துடுவேன்னு சொன்னேன்.”

உண்ணாமலை அவனையே பார்த்தாள். “மில்லுக்குத் திரும்பி வருவேன்னு சொல்லச் சொன்னனே?”

“அவ்ளோ பெரிய ஆபீஸ்ல உக்காந்துகினு, நெல்லு அரைக்கறதுக்குத் திரும்பி வருவேன்னா சொல்லச் சொல்றே? இன்னா நெனப்பான்? அவங்க நாட்டைப் பெருமையா சொன்னா சந்தோஷப்படுவான்னு நெனச்சேன். சிரிச்சான்கூட.”

சிரித்திருப்பான் என்று உண்ணாமலைக்குத் தோன்றியது. அந்த அதிகாரி யாரோ எவரோ, முகம்கூடத் தெரியாது. ஆனால் அன்றைக்கு மெட்ராஸிலேயே அவளோடு ஒத்துப்போகிற மனுஷர் அவர் ஒருவர்தான்.

லாட்ஜ் அறைக்கு வந்து சேர்ந்தார்கள். பரசுராமன் கதவைச் சாத்தினார்.

“ஊருக்கு இப்படியே போவ முடியாது. நீ இங்கியே இரு” என்றார் மகனிடம். “மறுபடியும் எழுதிப் போடு. கெடைச்சதும் இங்கிருந்தே ஏறிப் போயிடு. ஊருல நீ போயிட்டேன்னு சொல்லிடறேன்.”

“மாமா, கெடைக்கலைன்னு சொல்லிட்டாத்தான் இன்னா? எத்தினியோ பேருக்குக் கெடைக்கறதில்லை.”

“போஸ்டர் ஒட்டினது நீயா, நானா?” என்றார் அவர். “உங்க அப்பாரு கீழ்பென்னாத்தூர்ல ஊர் பூரா சொல்லி வச்சிருக்காரு. அவரு மூஞ்சை எங்க வச்சிக்குவாரு? அதை நெனச்சிப் பாரு. உங்க அத்தைக்கும் தெரிய வேணாம். அவ வாயில எதுவும் நிக்காது.”

இந்த மாமனாரையும் கணவனையும் பார்த்து நாலு பேர் சிரித்தால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள். ஆனால் அப்பா, தினமும் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ‘மாப்பிள்ளைக்கு அங்கே இப்ப காலை நேரம்’ என்று சொல்லப்போகிற அப்பா, அவரைப் பார்த்து யாரும் சிரிக்கக்கூடாது. அதற்காகத்தான் ஒப்புக்கொண்டாள். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மாமனாரும் மருமகளும் திண்டிவனம், செஞ்சி வழியாகப் பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். தெருமுனையிலேயே பரசுராமன் ஆரம்பித்துவிட்டார். “ஏறிட்டான். ஜம்முனு ஏறிட்டான். மேல போயி கையசைச்சான்.”

பிளேன் புறப்பட்ட கதை ஒரு வாரம் ஓடியது. ஒவ்வொரு தடவையும் ஒரு விவரம் கூடியது. வெள்ளைக்காரப் பெண் கைகூப்பியது, பக்கத்து சீட்டில் ஒரு ஜட்ஜ் உட்கார்ந்தது, எல்லாம் அவராகச் சேர்த்தவை. அப்புறம் பாஞ்சாலை அவரிடமிருந்து கதையை வாங்கிக்கொண்டாள். அவளுக்கு உண்மை தெரியாது என்பதால் பொய்யை இன்னும் நன்றாகச் சொன்னாள். தண்ணீர் பிடிக்கிற இடத்தில், கோயிலில், கல்யாண வீட்டில் அவள் பேசுவதைக் கேட்டால், அந்த ஊர்ப் பனியைப் பாதி அவளே பெருக்கித் தள்ளியது போலிருக்கும். “வாசல்ல முழங்கால் வரைக்கும் பனி விழுவுதாம். காலையில எழுந்து அள்ளிப் போட்டுட்டுத்தான் காலேஜுக்குப் போறானாம். இங்க ஒரு டம்ளர் எடுத்து வச்சவனில்லே.”

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அரிசி களைவது உண்ணாமலையின் வேலை. பக்கத்து வீட்டு சரசு நாளைக்கு ஒரு கேள்வி கொண்டுவருவாள். அங்கே அரிசி கிடைக்குமா? கிடைக்கும். கோயில் உண்டா? இல்லை. உனக்கு எப்போது டிக்கெட்? தெரியாது. சரசு தலையைச் சாய்த்து, வாயை மூடிக்கொண்டு கேட்பாள். இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு சுலபமாக விழுங்குகிறார்களே என்று உண்ணாமலைக்கு அந்த ஊரின் மேலேயே அருவருப்பாக வந்தது. மலையைச் சுற்றி வந்து கும்பிடத் தெரிகிறது, யோசிக்கத் தெரியவில்லை என்று நினைத்தாள்.

கார்த்திகை நெருங்கும்போது பாஞ்சாலை மருமகளைக் கூட்டிக்கொண்டு குலாம் ரசூல் கடைக்குப் போனாள். பாய் மாதாமாதம் சரக்கு எடுக்க மெட்ராஸ் போகிறவர். மகள் வஜீதாவைத் திருவல்லிக்கேணியில் கொடுத்திருந்தார்.

“நல்ல தடிப்பா ஒரு கம்பளி குடுங்க பாய். பையனுக்கு அனுப்பணும். அங்க குளிரு ஜாஸ்தி.”

பாய் அலமாரியைத் திறந்து, தடித்த கம்பளிகளை விட்டுவிட்டு ஒரு பருத்திப் போர்வையை எடுத்து விரித்தார். “இது போதும்மா. தம்பி இருக்கற எடத்துல குளிரு அவ்ளோ இருக்காது. கொசுதான் இருக்கும்.”

“அமெரிக்காவுல கொசுவா?” பாஞ்சாலை சிரித்தாள்.

“எல்லா ஊருலயும் உண்டும்மா” என்று சொல்லி மடித்துக் கொடுத்தார். உண்ணாமலை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பனியைப் பற்றி ஒன்றும் தெரியாத இன்னொரு ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் போர்வையைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் அவளே ஒருமுறை மெட்ராஸ் போனாள். வேலூருக்குத் தோழி வீட்டுக்குப் போவதாக மாமியாரிடம் சொல்லச் சொன்னது மாமனார்தான். சகாதேவன் லாட்ஜை விட்டு, ஆண்கள் மாத வாடகைக்குத் தங்கும் ஒரு மேன்ஷனுக்கு மாறியிருந்தான். மாடியில் கடைசி அறை. வராந்தாவில் வரிசையாக ஈர பனியன்கள். அவன் லுங்கியோடு கட்டிலில் சாய்ந்து சினிமாப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தான். உடம்பு ஒரு சுற்றுப் பெருத்திருந்தது. கன்னத்தில் நீளமாகக் கிருதா.

அவளைக் கண்டதும் எழுந்து, நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, “உக்காரு” என்றான். கீழே போய் அவனே டீ வாங்கிக்கொண்டு வந்தான். டம்ளர் சுடும் என்று துண்டைச் சுற்றி நீட்டினான். அதைப் பார்த்து அவளுக்கு மனசு இளகிவிட்டது. தனியாகக் கிடக்கிறான், பாவம், அப்பனுடைய வீம்புக்கு இவன் ஜெயிலில் இருக்கிறான் என்று நினைத்தாள்.

“மறுபடி எழுதிப் போட்டீங்களா? தேதி ஏதாவது குடுத்தாங்களா?”

“அது…” என்று இழுத்தான். “எதுக்கு இன்னொரு தபா அவமானம்? நான் எழுதலை.”

“மாமா கிட்ட எழுதிப் போட்டாச்சுன்னு சொல்லியிருக்கீங்க.”

“அவரு கேட்டாரு, சொன்னேன்.” பிறகு கட்டில் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தான். முகத்தில் ஒரு ஆவல். “அது கெடக்கட்டும். ஊருல இன்னா பேசிக்கறாங்க? விழா நல்லா இருந்திச்சின்னு சொல்றாங்களா? இன்னமும் போஸ்டர் இருக்குதா?”

வந்த இரக்கம் வந்த வழியே போயிற்று. உண்ணாமலை டீயைப் பாதியில் வைத்தாள்.

“மழையில கிழிஞ்சிடுச்சி” என்றாள்.

“அடடா” என்றான், நிஜமான வருத்தத்தோடு.

கிளம்பும்போது அவன் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படி வரைக்கும் வந்தான். இங்கிலீஷ் சினிமாக்களை விடாமல் பார்ப்பதாகவும், அவர்கள் பேசுகிற தோரணை இப்போது தனக்கு வந்துவிட்டதாகவும் சொன்னான். “ஓக்கே” என்பதை மூக்கால் சொல்லிக் காட்டினான். இந்த ஆளோடு நான் வாழ்ந்து முடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு படியாக நினைத்துக்கொண்டே அவள் இறங்கினாள்.

ஒரு மேல்படிப்பு முடிய எவ்வளவு காலம் ஆகுமோ அவ்வளவு காலத்தைப் பரசுராமன் ஒழுங்காகக் கடத்தினார். பிறகு ஒரு வைகாசி முகூர்த்த நாளில் அறிவுச்சுடர் திரும்பி வந்தது. மெட்ராஸிலிருந்து வாடகைக் கார். வெளிநாட்டுச் சாமான் விற்கிற பர்மா பஜாரில் வாங்கிய இரண்டு சூட்கேஸ், அவற்றுக்குள் அதே பர்மா பஜாரில் வாங்கிய செண்டு, நைலக்ஸ் புடவை, சோப்பு, டேப் ரிக்கார்டர். சூட்கேஸில் விமானக் கம்பெனி அட்டைகூடத் தொங்கியது. அதை எங்கே பிடித்தான் என்று கேட்க உண்ணாமலைக்கே கொஞ்சம் ஆசையாக இருந்தது.

பாஞ்சாலை ஆரத்தி எடுத்தாள். மகனைக் கட்டிக்கொண்டு, “செவந்து போயிட்டியேடா” என்று அழுதாள். அவன் முன்னைவிடக் கறுத்துத்தான் போயிருந்தான். வீட்டுக்கு வெளியே பந்தல், உள்ளே பாய் விரித்துப் பெண்கள். சோப்பை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார்கள். வாங்கிய ஒவ்வொருத்தியும் முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடினாள். ஆண்கள் பக்கத்தில் சகாதேவன் அமெரிக்காவில் மாடு எவ்வளவு பால் கறக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மெம்பர், மில் தரகர்கள், குலாம் ரசூல் பாய் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, “அப்டிங்களா” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சரசு சோப்பை மடியில் வைத்துக்கொண்டு உண்ணாமலையின் பக்கம் திரும்பினாள். “உன்னைத்தான் கூட்டிக்கினு போவவே இல்லியே உண்ணாமலை. நீயும் அமெரிக்காவைப் பார்த்திருந்தா நல்லா இருந்திருக்கும்.”

எதனால் அப்போது வாய் திறந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. சோப்பு வாசனை தலைக்கு ஏறியிருக்க வேண்டும்.

“நான் பார்த்தனே” என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. “பஸ்ஸுலயே போயி பார்த்துட்டு வந்தேன். அவரு இருந்தது திருவல்லிக்கேணியில. விசா கெடைக்கலை. பிளேனும் ஏறலை. இந்த சோப்பு பர்மா பஜார் சோப்பு.”

பேச்சு நின்றது. வாசல் பக்கம்கூட அமைதி. இப்போது வெடிக்கும் என்று உண்ணாமலை காத்திருந்தாள். பரசுராமனின் முகம் சாம்பல் நிறமாக மாறியது.

சரசுதான் முதலில் சிரித்தாள். “இவளுக்கு எப்பவும் தமாசுதான்.” உடனே எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தி அவசரமாக, “பாயசம் ஆறுது, பந்தி போடலாமே” என்றாள். ஆண்கள் பக்கம் மெம்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “அப்புறம் தம்பி, அந்த மாடு?” என்றார். சகாதேவன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். யாரும் உண்ணாமலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. சபையில் துணி விலகியவளைப் பார்க்காமல் இருப்பது போல, அவ்வளவு கவனமாகப் பார்க்காமல் இருந்தார்கள்.

அவள் பின்கட்டுக்குப் போய்த் தொட்டி மேடையில் உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவ வந்த குலாம் ரசூல் பாய், செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கி நின்றார்.

“மனசு கஷ்டமா இருக்குதாம்மா?”

“ஒருத்தர்கூட நம்பலை பாருங்க பாய். இந்த ஊருக்குப் பொய்தான் புடிச்சிருக்குது.”

பாய் சுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நம்பாம இன்னாம்மா. எல்லாருக்கும் தெரியும்.”

“இன்னா தெரியும்?”

“தம்பி அங்க தங்கினது. எங்க வஜீதா வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான் அந்த மேன்ஷன். போன மறுமாசமே பார்த்துட்டேன். நான் யார்கிட்டயும் சொல்லலை, சத்தியமா. ஆனா நம்ம ஊருலேர்ந்து மெட்ராஸ் போறவங்க நான் ஒருத்தன் மட்டுமா? பஸ் கண்டக்டரு பார்த்தாரு. மில் தரகரு சினிமா கொட்டாயில பக்கத்து சீட்டுலயே பார்த்திருக்காரு. அந்த மெம்பரு தம்பிகிட்ட நின்னு பேசிட்டே வந்தாரு.”

உண்ணாமலை எழுந்து நின்றாள். “அப்புறம் எதுக்கு எல்லாரும் வந்து உக்காந்து கேக்கறாங்க?”

“உங்க மாமனார் மில்லுக்குக் கடலை போடாதவன் இந்தச் சுத்து வட்டாரத்துல யாரும்மா? அவரு புள்ளை அமெரிக்கா போனான்னு அவரு சொன்னா, போனான். கேட்டுக்கினு போறதுல நமக்கு இன்னா நஷ்டம்? நீங்க சபையில போட்டு ஒடைச்சதும்தான் எல்லாருக்கும் சங்கடமாப் போச்சி.”

“எங்க அத்தைக்குமா தெரியும்?”

“அவங்களுக்கு மட்டும் தெரியாது. பாவம், அவங்ககிட்ட எவன் போயி சொல்லுவான்.” பாய் தோள் துண்டால் கையைத் துடைத்தார். “உங்க அப்பாருக்குத் தெரியும்மா. போன வருசம் கடைக்கு வந்தாரு. வேட்டி எடுக்கற மாதிரி எடுத்துகினே, ‘மெட்ராஸ் போனீங்களா பாய், மாப்பிள்ளை உடம்பு நல்லா இருக்குதா’ன்னு கேட்டாரு. நல்லா இருக்குதுங்கன்னேன். ‘என் பொண்ணுக்கு நான் தெரிஞ்சிகிட்டது தெரிய வேணாம், அது வருத்தப்படும்’னு சொல்லிட்டுப் போனாரு.”

அவர் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஒரு ஊரையே மடையர்கள் என்று எண்ணி, தான் ஒருத்திதான் விவரமானவள் என்று அரிசி களைந்துகொண்டிருந்தாளே, அந்த ஊரில் ஏமாந்துகொண்டிருந்தது மாமியாரும் அவளும் மட்டும்தான். வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. தெரியாமல் நம்பினவர்களையாவது மன்னிக்கலாம். தெரிந்தே சோப்பை முகர்ந்து கண்ணை மூடினவர்களை என்ன செய்வது? அப்பா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து என்ன முகத்தோடு மாப்பிள்ளையின் பேச்சை எடுத்திருப்பார் என்று நினைத்தபோதுதான் கண்ணில் நீர் வந்தது. அவருக்காக அவள் மூடி மறைத்தது, அவளுக்காக அவர் மூடி மறைத்தது, நடுவில் இந்தக் குடும்பம் பந்தல் போட்டுப் பாயசம் ஊற்றிவிட்டது.

அடுத்த மாதமே வேலூரில் பி.எட்.டுக்கு எழுதிப் போட்டாள். இடம் கிடைத்தது. பரசுராமன் குதித்தார்.

“மில்லுக்காரர் மருமக வேலைக்குப் போறதுக்குப் படிக்கறதா? ஊரு இன்னா சொல்லும்?”

“ஊரு ஒண்ணும் சொல்லாது மாமா. நீங்க இன்னா சொல்றீங்களோ அதைத்தான் சொல்லும். மருமக லண்டன் போயிருக்கான்னு வேணும்னா சொல்லிடுங்க.”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மில்லுக்குப் போய்விட்டார். பாஞ்சாலை மட்டும், புருஷன் இப்போதுதானே வந்தான், அதற்குள் ஏன் போகிறாய் என்று புரியாமல் கேட்டாள். அவளிடம் உண்ணாமலை கோபப்படவில்லை. “கொஞ்ச நாள்தான் அத்தை. லீவுல வருவேன்” என்றாள்.

அதற்குள் சகாதேவன் மில்லுக்கு எதிரில் இருந்த பழைய கிடங்கை வெள்ளையடித்து இங்கிலீஷ் நர்சரிப் பள்ளி ஆரம்பித்திருந்தான். தாளாளர் பெயருக்குப் பக்கத்தில் ‘யு.எஸ்.ஏ. ரிட்டர்ன்’ என்று போர்டில் எழுதியிருந்தது. சேர்க்கைக்கு வந்த கூட்டத்தில் பஸ் கண்டக்டரும் இருந்தார், மகளைக் கைபிடித்துக்கொண்டு. சரசு தன் பேரனுக்கு இடம் வேண்டி அதிகாலையிலேயே வந்து நின்றாள்.

வேலூருக்குக் கிளம்பிய அன்று சகாதேவன்தான் அவளை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனான். பெட்டியைத் தூக்கி மேலே வைத்தான். ஜன்னலோரச் சீட்டில் துண்டு போட்டு இடம் பிடித்தான். இறங்கி வந்து ஜன்னலுக்கு வெளியே நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்கறையோடு பேசினான்.

“வெளியூர்ல தங்கிப் படிக்கறது மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். சாப்பாடு ஒத்துக்காது. வீட்டு ஞாபகமா வரும். பயந்துடாத. நான் அங்க போன புதுசுல எனக்கும் அப்படித்தான் இருந்திச்சி. பனியைப் பார்த்துகினே ஒக்காந்திருப்பேன். அப்பாலே பழகிடும்.”

உண்ணாமலை அவன் முகத்தைத் தேடிப் பார்த்தாள். குறும்போ, கூச்சமோ, ஏதாவது ஒன்று ஒரு மூலையில் இருக்கும் என்று பார்த்தாள். எதுவும் இல்லை. அவன் கண்ணில் பழைய கஷ்டத்தை நினைத்துப் பார்க்கிறவனின் ஈரம் இருந்தது.

டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார்.

“கையை எடுங்க. வண்டி கெளம்புது” என்றாள் அவள்.